மூன்று கிராம் குறைவு

மாவு வழிக்கும் பதினேழாம் எண் ஸ்கிரேப்பரைக் கையில் வாங்கியதுமே அது லேசாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த பிஸ்கட் மாவை வெந்நீர்க் குழாயின் கீழ் காட்டித் தேய்க்கத் தேய்க்க, வெண்ணெயும் வனிலாவும் கலந்த இனிப்பு வாடை ஆவியோடு மூக்கில் ஏற, மாவு கரைந்து, வலது மூலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல், சாய்வாக நறுக்கிவிட்டதுபோல் ஒரு வெட்டு தெரிந்தது. பெரிய பொத்தான் அளவு இருக்கும்.

தராசில் வைத்தாள். எண்பத்து நான்கு கிராம் காட்ட வேண்டும். எண்பத்தொன்று காட்டியது.

அந்தத் தொழிற்சாலையில் மாவைத் தொடுகிற கருவி எல்லாமே நீல பிளாஸ்டிக். தின்கிற பண்டம் எதுவும் அந்த நீலத்தில் இருக்காது என்பதால் கண்ணுக்குத் தப்பாது. கண்ணுக்குத் தப்பினாலும், பிளாஸ்டிக்கோடு உலோகத்தூள் கலந்திருப்பதால் உலோகத்தைக் கண்டால் கத்தும் டிடெக்டர் விடாது. அவற்றை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதுதான் அவள் வேலை. ஏழு வருடத்தில் அவள் பெயரே நீலக்கா என்றாகிவிட்டது. ஏதாவது உடைந்தால் ஒரே விதி: துண்டைத் தேடி எடுத்து, வெள்ளைத் தட்டில் பொருத்தி, எடை பார்க்க வேண்டும். முழுசாகும்வரை கதவு திறக்காது.

சுவரில் மணி மூன்று பத்து. மூன்றரைக்குப் பள்ளி வேன் வந்து அவள் மகளைத் தொழிற்சாலைத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். ஆறு வயது. வழக்கமாக நாலு மணிக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. கதவுகள் 'டப்' என்று பூட்டிக்கொண்டன.

"அண்ணே, இது எப்ப உடைஞ்சுது?"

மாவு கலக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர் கைகளை விரித்தார். "எனக்கென்ன தெரியும்? வாங்கும்போது முழுசாதான் இருந்துச்சு. எலி கடிச்சிருக்கும்."

"இங்க ஏதுண்ணே எலி?"

"அதான் பார்த்தேன். இருந்தா அதுக்கும் ஒரு தலைவலை மாட்டி, கை கழுவச் சொல்லியிருப்பீங்களே."

அறையில் வேலை பார்த்த பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மாவை மறுபடி டிடெக்டரில் விட்டதும் கீச்சென்று கத்தி ஒரு கட்டியைத் தள்ளிவிட்டது. பிசைந்து பார்த்தால் உள்ளே நீலத் துண்டு. கழுவி, தட்டுக்குக் கொண்டுவந்து, மூலையில் வைத்தாள். 'டிக்' என்று அச்சாகப் பொருந்தியது.

மூலையில் ஓட்டை அப்படியே இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கினாள். வைத்த துண்டு தட்டில் இல்லை, விழவும் இல்லை. தராசு எண்பத்தொன்று என்றது.

"தூக்கத்துல வேலை பாக்குறீங்களா நீலக்கா?" என்றார் கலக்குபவர். அதற்குள் டிடெக்டர் மறுபடி கத்தியது. இன்னொரு துண்டு. இந்த முறை அவரே வாங்கி வைத்தார். டிக். பொருந்தியது. ஓட்டை இருந்தது. எண்பத்தொன்று.

மூன்றாவது துண்டுக்கு யாரும் சிரிக்கவில்லை. ஏழாவதுக்கு யாரும் பக்கத்தில் வரவில்லை. கலக்குபவர் மட்டும் கையை மேலங்கியில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, "எங்கக்கா போகுது அது?" என்று முணுமுணுத்தார்.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. தரக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மாவின் குரல். "ஒவ்வொருத்தரா டிடெக்டர் வாசல் வழியா வாங்க. சத்தம் வராதவங்க வீட்டுக்குப் போகலாம்."

பன்னிரண்டு பேர் போனார்கள். வாசல் ஒருவருக்கும் சத்தம் போடவில்லை. கடைசியாகப் போன கலக்குபவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"மேடம், நானும் வரட்டுமா? வெளிய என் பொண்ணு இருக்கா."

"கருவிக்குப் பொறுப்பு யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்ப முழுசாக்கிட்டு வாங்க."

கதவு பூட்டிக்கொண்டது.

இப்போது அறையில் அவளும் குளிரூட்டியின் முனகலும் மட்டும். நிறுத்திவைத்த மாவு தொட்டிகளில் மெல்லப் பொங்கி, மெல்ல அடங்கி, எங்கோ யாரோ வாயைத் திறந்து மூடுவதுபோல் ஒரு ஈரச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது. வெண்ணெய் வாடை புளிக்கத் தொடங்கியிருந்தது. பார்வையாளர்களுக்காக வைத்த பெரிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாழ்வாரம். அங்கே பெஞ்சில் புத்தகப் பையை மடியில் அணைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி தடிமன்; சத்தம் கேட்காது. இவள் கையசைத்தாள். குட்டியும் அசைத்தாள். சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். இதோ, இதோ என்று இவள் விரலால் சைகை செய்தாள்.

தாழ்வார விளக்கு, ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். மின்சாரம் மிச்சம் பிடிக்க வைத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடி கறுத்துப் போகும். உடனே குட்டி எழுந்து குதிப்பாள், கைகளை ஆட்டுவாள், விளக்கு வரும். முதலில் அது அவளுக்கு விளையாட்டாக இருந்தது. பிறகு சிரிக்காமல் குதித்தாள். பிறகு உட்கார்ந்தபடியே ஒரு கையை மட்டும் ஆட்டினாள்.

பதினொன்றாவது துண்டு. டிக். எண்பத்தொன்று.

பதினான்காவது துண்டு.

மணி ஐந்தரை. செல்போன் தெருக் கதவுக்கு வெளியே பெட்டகத்தில். ஒலிபெருக்கியைக் கூப்பிட்டால் பதில் இல்லை.

கண்ணாடி கறுத்தது. அவள் காத்திருந்தாள். விளக்கு வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். அறுபது வரை எண்ணினாள். இருட்டில் அவளுடைய முகம் மட்டும், தலைவலையோடு, கண்ணாடியில் தெரிந்தது. ஓடிப் போய் இரண்டு கையாலும் அறைந்தாள். "குட்டி! கையை ஆட்டும்மா! கையை ஆட்டு!"

இருட்டு.

ஏழு வருடத்தில் செய்யாத காரியத்தை அவள் அப்போதுதான் செய்தாள். கழித்துப்போட்ட கருவிகள் இருந்த அலமாரியைத் திறந்து, பழைய ஸ்கிரேப்பர் ஒன்றை எடுத்து, மூட்டை வெட்டும் கத்திரியால் அதன் மூலையைச் சாய்வாக நறுக்கினாள். எடை பார்த்தாள். மூன்று கிராம். மனசுக்குள் இது தப்பு, இது தப்பு என்று ஒன்று அடித்துக்கொண்டது. துண்டை ஓட்டையில் வைத்தாள்.

டிக் என்ற சத்தம் வரவில்லை. எலும்பு முறிவதுபோல் மெதுவாக ஒரு சத்தம்.

ஓட்டை இல்லை.

எண்பத்து நான்கு.

'முழுமையாகக் கிடைத்தது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாழ்வார விளக்கு தானாக எரிந்தது. குட்டி பெஞ்சில்தான் இருந்தாள். அசையாமல், கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு.

கதவு திறந்தது. வாசலைத் தாண்டினாள். சத்தம் இல்லை. அழுகையும் சிரிப்புமாக ஓடி மகளை வாரி எடுத்தாள். "பயந்துட்டியா தங்கம்? அம்மா வந்துட்டேன்ல. வா, போயிடலாம்."

"அம்மா, விரல் குளிருதும்மா."

"வீட்டுக்குப் போனதும் சரியாயிடும்."

பின்னால் உற்பத்தி அறைக் கதவு மூடிக்கொண்டது. தாழ்வாரத்தின் கோடியில் தெருக் கதவு. அதற்கு முன்னால் இன்னொரு டிடெக்டர் வாசல். மகளின் வலது கையைப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தாள்.

வாசல் கத்தியது.

தெருக் கதவு திறக்கவில்லை. திரும்பி வந்தாள். பெஞ்சடியிலிருந்து எடுத்துவந்த தன் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகக் கடந்தாள். சத்தம் இல்லை. பையை மட்டும் தள்ளிவிட்டாள். சத்தம் இல்லை. குட்டியின் புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், காலணி, தலை கிளிப். ஒவ்வொன்றாக. சத்தம் இல்லை.

"நீ வாம்மா."

குட்டி வெறுங்காலோடு வந்தாள்.

வாசல் கத்தியது.

ஒலிபெருக்கியில் கரகரப்பு. "பாப்பாவை உள்ள அனுப்புங்க நீலக்கா."

"மேடம், குழந்தை மேடம் அது!"

"விதி உங்களுக்குத் தெரியாததா?"

"நான் பொய்யா எழுதிட்டேன் மேடம். வேற ஸ்கிரேப்பர்ல வெட்டி வச்சேன். நான் உள்ள வரேன். எத்தனை நாள் வேணாலும் இருக்கேன். இவளை வெளிய விட்டுடுங்க."

"எடை சரியாதானே இருந்துச்சு."

குரல் அத்தோடு நின்றது. அவள் மகளைச் சுவரோடு அணைத்து மறைத்தாள். விரல்களை விரல்களோடு கோத்து இறுக்கினாள். சின்னக் கை. குளிர்ந்த கை. விடமாட்டேன். அசையாதே குட்டி. அசையாமல் இரு.

இருவரும் அசையவில்லை.

விளக்கு அணைந்தது.

இருட்டில் எதுவோ சாய்வாக முறிந்தது. டிக். சின்னச் சத்தம். அவள் கத்தினாள், கையை வீசினாள், காலை உதைத்தாள். விளக்கு வந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை.

கண்ணாடிக்கு உள்ளே, எஃகு மேசையின் மேல், வெள்ளைத் தட்டில் குட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் வலை மாட்டியிருந்தது. போனவர்கள் பன்னிரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். எல்லோரும் முட்டிபோட்டு, ஆளுக்கொரு டார்ச்சோடு, தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கலக்குபவர் தொட்டிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

குட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். வலது கையை உயர்த்தி ஆட்டினாள். கட்டைவிரலுக்கு நுனி இல்லை. சாய்வான வெட்டு. ரத்தம் இல்லை. உள்ளே வழவழவென்று நீலம்.

தாழ்வாரத்தின் இரண்டு கதவுகளும் பூட்டியிருந்தன. அவள் தன் வலது கையைத் திறக்காமல், நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடிய உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று இருந்தது. சின்னதாக. வாய் ஈரத்தோடு. மெல்லச் சூடாகிக்கொண்டு.