மாலைக் குமட்டல்

எல்லாம் நடந்தபடியேதான் நினைவில் இருக்கிறதா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கரப்பான்பூச்சியின் கால் கிடந்தது தக்காளிச் சட்னியிலா, சாம்பாரிலா என்பதே இப்போது குழம்புகிறது. எப்சிபாவைக் கேட்டால் சட்னி என்பாள். அவள் அம்மா சலோமியைக் கேட்டால், "எங்க வூட்டு சாப்பாட்ல அப்டிலாம் ஒண்ணும் கிடக்கல" என்று சண்டைக்கு வருவாள். ஆனால் எப்சிபாவின் அண்ணன் யோவேல் அதை என்ன செய்தான் என்பதில் மறதி இல்லை. இட்லித் துண்டோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே செய்தி படித்தான்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் ஆம்பூருக்கு வரும்போதெல்லாம் வீட்டில் இப்படித்தான். அவன் சாப்பிடுவான், மற்றவர்கள் வேறெங்காவது பார்ப்பார்கள். அவனுக்குத் தனித் தட்டு, தனித் துண்டு. கெட்டவன் என்பதால் இல்லை. கழிவறையிலிருந்து வந்து நேராகச் சோற்றில் கை வைப்பான் என்பதால்.

அவன் வழக்கறிஞன். அந்தக் காலத்து வழக்கறிஞர்கள் அநேகமாக எல்லோரையும் போல அருவருப்பு நீக்கப்பட்டவன்.

ஆரம்பத்தில் அது நல்ல எண்ணத்தில்தான் வந்தது. அழுக்கு வேட்டியோடு கூண்டில் நிற்பவனுக்கு நீதிபதிகள் கூடுதல் தண்டனை கொடுக்கிறார்கள், நாற்றமடிக்கும் சாட்சியை நம்ப மறுக்கிறார்கள், தங்களுக்குக் குமட்டுவதையெல்லாம் குற்றம் என்று எண்ணிவிடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நிரூபித்தது. நீதிச் சமநிலைச் சட்டம் வந்தது. சட்டக் கல்லூரியில் சேருகிறவர்களின் மூளையில் அருவருப்பு பிறக்கும் இடத்தைத் தேடி அணைத்துவிடுவார்கள். ஊசி குத்தும் நேரம்தான். கோபம், இரக்கம், பயம் எல்லாம் அப்படியே இருக்கும் என்று கையேட்டில் போட்டிருந்தார்கள். எப்சிபா அந்தக் கையேட்டைப் பலமுறை படித்திருந்தாள். அந்த மூன்றையும் அண்ணனிடம் தேடிப் பார்த்ததும் உண்டு.

"என்ன எப்சி, முடிவு பண்ணிட்டியா? நாளைக்குக் கடைசி நாள்" என்றான் யோவேல்.

"இன்னும் இல்லண்ணா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சென்னையில முழு உதவித்தொகையோட கூப்பிடறாங்க. சேலத்துல பாதிதான். வாசல்ல ரெண்டு வண்டி வந்து நிக்குது, நீ நடந்து போறேங்கற."

மூன்றாவது வழி அதுதான், நடந்து போவது. மாநிலம் முழுவதற்குமாகப் பன்னிரண்டு 'இயல்பு இருக்கைகள்' உண்டு. அவற்றில் படிப்பவர்களை யாரும் தொடமாட்டார்கள். அந்த வருடம் எப்சிபாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி போடலாம். ஆனால் படிப்பு ஐந்து வருடம். ஓடை வழக்கின் தீர்ப்பு ஆறு வருடத்தில் மறுபரிசீலனைக்கு வரும். காத்திருந்து கிடைத்தால் மயிரிழையில் போய்ச் சேரலாம். கிடைக்காவிட்டால் அன்று அவர்கள் தெருவுக்காக எழுந்து நிற்க ஆள் இருக்காது. அவள் சட்டம் படிக்க நினைத்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஓடை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. தோல் பதனிடும் ஆலையிலிருந்து வெளியேறி, சில நாள் நீலமாக, சில நாள் சளி நிறத்தில். ஊறிய தோலின் நாற்றம் தலையணை உறைவரை வந்துவிடும். கிணறுகளிலும் அதே தண்ணீர். பிள்ளைகளின் முழங்காலில் ஆறாத புண். தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். நச்சின் அளவெல்லாம் வரம்புக்குச் சற்று உள்ளேதான் என்றது ஆய்வக அறிக்கை. அப்போது ஆலையின் வழக்கறிஞர் எழுந்து, ஓடைத் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, நீதிபதி முன்னால் நிதானமாகக் குடித்துக் காட்டினார். நிறமும் மணமும் பார்ப்பவரின் உணர்ச்சி, சான்று ஆகாது என்றார். அருவருப்பு நீக்கப்பட்ட நீதிபதிக்கும் அதில் ஆட்சேபிக்க எதுவும் இல்லை. கூடம் முழுவதிலும் முகத்தைச் சுளித்தது அந்தத் தெருவின் ஆட்கள் மட்டும்தான்.

அந்த வழக்கறிஞர் யோவேல்.

அன்று இரவு எப்சிபா அவனைக் கேட்டாள்: "எப்படிண்ணா இருந்துச்சு?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்துச் சொன்னான். "கொஞ்சம் உப்பு."

சென்னையைப் போலச் சேலத்தில் நிரந்தர நீக்கம் கிடையாது என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அங்கே 'சமனி' என்று ஒரு வில்லை. காலையில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும், மாலையில் கழற்றிவிடலாம். அருவருப்பு திரும்பி வந்துவிடும். முந்தைய வாரம் நேரில் பார்க்கப் போயிருந்தாள். விடுதியில் குழலி என்ற மூன்றாம் ஆண்டு மாணவி, "வா கண்ணு, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்க" என்று சிரித்து, கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருந்த தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

மாலை மணி அடித்தது. பெண்கள் தொட்டிகளின் முன் நின்று சமனியைக் கழற்றினார்கள். பிறகு ஒருத்தி குனிந்தாள். அடுத்தவள். வரிசை முழுக்க வாந்தி எடுத்தது. குழாய்கள் திறந்தன, மூடின. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

குழலி வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முதியோர் இல்லத்து வழக்கு ஒண்ணு குடுத்தாங்க புள்ள. படுக்கையிலேயே கிடந்து ஒரு பாட்டியோட புண்ணுல புழு வெச்சிருச்சு. நான் இல்லத்துக்காரன் பக்கம். 'பராமரிப்பில் சிறு தாமதம்'னு எழுதினேன். முழு மார்க்கு." நிறுத்திவிட்டு, "எழுதறப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"தினமும் இப்படியா?"

"ரெண்டு வருசம் இப்படித்தான். அப்புறம் குறைஞ்சிரும்."

"பழகிடுமா?"

"பழக்கமெல்லாம் இல்ல. கழட்டறத விட்டுருவோம்." கடைசி ஆண்டுப் பெண்கள் சிலர் அந்த வழியாகச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதுக்குப் பின்னாலும் வில்லை இருந்தது. "யாரும் கட்டாயப்படுத்தறதில்ல" என்றாள் குழலி. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் எப்சிபாவின் மூக்கில் அந்தத் தாழ்வாரம் இருந்தது.

இதையெல்லாம் அவள் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்குப் புரியும், ஆனால் உறைக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்த காரியத்துக்கு அவளே பிறகு காரணம் தேடியிருக்கிறாள். விடிந்ததும் ஓடைக்குப் போய் ஒரு தம்ளரில் மொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை அண்ணனின் கைக்கு அருகிலும், நல்ல தண்ணீரைச் சற்றுத் தள்ளியும் வைத்தாள். அவன் கை தயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கணம் போதும். தயங்கினால் நீக்கிய பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்று நம்பி, சென்னைக்கே போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். குடிப்பதற்குள் தட்டிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

யோவேலுக்கு விக்கல் எடுத்தது. "பாரு, காத்திருந்து கிடைக்கலன்னா என்ன பண்ணுவ? தெருவுல யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று பேசிக்கொண்டே பக்கத்துத் தம்ளரை எடுத்தான். கை தயங்கவில்லை. நீலமாக எதுவோ உதட்டை நோக்கிப் போனது. எப்சிபா எழுந்திருக்க நினைத்தாள். எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுக்களை வாசலிலிருந்து அம்மா ஓடிவந்தாள். நாற்றம் அவளுக்கு எட்டியிருந்தது. வீசி அறைந்ததில் தம்ளர் சுவரில் போய் மோதியது. யோவேலின் வாயைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள், கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல. "துப்புடா. துப்பு. இன்னும் துப்பு."

"ஒண்ணும் ஆகாதும்மா. ஏற்கெனவே குடிச்சதுதானே" என்றான் அவன் மெதுவாக. சட்டையெல்லாம் ஈரம்.

சலோமி மகளைப் பார்த்தாள். வழக்கு நடந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிக் குரல் எடுத்ததில்லை.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க? அவனுக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியும் இல்ல?"

எப்சிபா கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள். தண்ணீரின் நாற்றத்தால் அல்ல. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளை நினைத்து. எல்லாம் வந்து முடிந்த பிறகும் குமட்டிக்கொண்டே இருந்தது. இந்தக் குமட்டலை எடுத்துவிட்டால், செய்தது என்னவென்று எது சொல்லித் தரும் என்று அவள் ஓடையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே அம்மா தரையைத் துடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் இரண்டு கல்லூரிகளுக்கும் வேண்டாம் என்று எழுதிவிட்டாள்.

அடுத்த வருடம் இயல்பு இருக்கை எப்சிபாவுக்குக் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கிடைத்தது. அவள் படித்து முடிப்பதற்குள் ஓடை வழக்கு மறுபரிசீலனைக்கு வந்து, தெருவுக்காகப் பேச யாரும் இல்லாமல் பழைய தீர்ப்பே நின்றது. அன்று ஆலைக்காக வாதாடியவள் குழலி. அவள் காதுக்குப் பின்னால் வில்லையைச் சுற்றித் தோல் வளர்ந்திருந்தது. யோவேல் நீதிபதியானான். கெட்டுப்போன மீனைத் தின்று இரண்டு முறை செத்துப் பிழைத்தான். அம்மா இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறாள். அவன் தட்டை அவள் முகர்ந்து பார்த்துக் கொடுத்த பிறகே அவன் சாப்பிடுகிறான். எப்சிபா ஆம்பூரில் வழக்கறிஞராக இருக்கிறாள். அடுத்த மறுபரிசீலனைக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. ஓடை ஓடிக்கொண்டிருக்கிறது.