எவ்லின் அக்காவின் ஒருசந்தி

சடசடவென்று மழை பிடித்துக்கொண்டபோது, கொன்ஸ்ரன்ஸ் ஓடிப்போய் ஒதுங்கியது எவ்லின் அக்கா வீட்டுத் தகரத் தாழ்வாரத்தில். அங்கே ஏற்கெனவே ஒருவன் நின்றான். கையில் டெப்லட், கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் ஒட்டிய ஈர மயிர்...

"அக்கா, போன கிழமை எத்தின நாள் ஒரு நேரச் சாப்பாட்டையாவது விட்டனீங்கள்?"

"எல்லா நாளும்தான் தம்பி. ஒருசந்தி."

அவன் தலை நிமிராமல் எதையோ தட்டினான். கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ, இது தவக்காலம்! எங்கட சனம் ஒரு நேரம்தான் சாப்பிடும். நீங்கள் கொட்டாஞ்சேனை முழுக்கப் பட்டினி எண்டு எழுதப்போறீங்கள்!"

நிமிர்ந்தான். கோபம் வரும் என்று பார்த்தாள்; வந்தது வெட்கம். மழைக்கு நடுவே அந்தக் கண்கள்... சே, இப்படியா பார்ப்பது!

"காலமையில இருந்து முப்பது வீடு முடிச்சிட்டன்..."

"முப்பதும் பட்டினியோ?"

"ஓம்" என்றான் பரிதாபமாக. "வெள்ளவத்தையில எங்கட வீட்டுக் கலண்டரில கந்தசஷ்டி மட்டும்தான்."

அவன் பெயர் ராகுலன்; பொருளியல் படித்தவன். எந்த வீட்டுக்கு நிவாரணப் பொதி என்று தீர்மானிக்கும் கணக்கெடுப்பு அவனுடையது. கொன்ஸ்ரன்ஸ் மானிடவியல் ஆய்வுக்காக ஆறு மாதமாக, தோட்டம் என்று அழைக்கப்படும் இந்த நெருக்கமான வரிசை வீடுகளுக்கு வந்துபோகிறவள்.

"நீங்கள் என்ன கேள்வி கேக்கிறனீங்கள்?"

"கேக்கிறேல்லை. இருந்து கதைக்கிறனான்."

"அதுக்கும் டிகிரி தருவினமோ?"

எவ்லின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

தவக்காலம் முடியுமட்டும் ஸைத் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இருவரும் சண்டை பிடித்தார்கள். "உங்களுக்கு மனிசர் எல்லாம் இலக்கம்" என்பாள். "உங்களுக்கு எல்லாம் கலாசாரம்" என்பான். சண்டை இல்லாத நாளில் தேநீர் ஏனோ சப்பென்றிருந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பத்தாம் நாள் அவன் முப்பது வீட்டுக்கும் திரும்பப் போனான்.

"இருபத்தொன்பது வீட்டில நீங்கள் சொன்னதுதான் சரி, கொன்ஸ்ரன்ஸ். ஆனா எவ்லின் அக்கா இன்னும் ஒரு நேரம்தான் சாப்பிடுறா."

"அது நேர்த்திக்கடனாயிருக்கும். ஆறு மாசமா எனக்குச் சொல்லாததை உங்கட மெஷினுக்குச் சொல்லுவாவோ?"

"போய்ப் பாருங்கோவன்."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நாலு நாள் அவன் அழைப்பை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், தான் ஒருபோதும் போகாத உச்சி வேளையில், எவ்லின் அக்கா வீட்டுப் படியேறினாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சோற்றுப் பானை கழுவிக் கவிழ்த்தபடி.

"நேர்த்தியோ அக்கா?"

எவ்லின் அக்கா கவிழ்த்த பானையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "உங்களிட்ட எப்பிடி மகள் சொல்லுறது? நீங்கள் எங்கட கோயில் பிள்ளை. நாளைக்குப் பூசையில உங்கட முகத்தைப் பாக்க வேணாமா? அந்தத் தம்பி ஆரோ எவரோ... கேட்டார், சொன்னன்."

கொன்ஸ்ரன்ஸ் அங்கேயே அழுதாள். தன் குறிப்பேட்டில் 'எவ்லின் அக்காவின் ஆழ்ந்த பக்தி' என்று எழுதிய மூன்று பக்கங்களை நினைத்து அழுதாள்.

அன்று பின்னேரம் வெள்ளவத்தையில், அவள் வரச்சொன்ன கடலோரத் தண்டவாளத்தருகே அவன் குடையுடன் நின்றான். மழை மெல்லத் தூறியது.

"லிஸ்டில எவ்லின் அக்கா..."

"முந்தநாளே அனுப்பிட்டன். முதல் பேர்."

"என்னில கோபமில்லையோ?"

"நீங்கள் அண்டைக்குச் சிரிச்சிராட்டி முப்பது வீடும் ஒண்டுபோலத்தான் இருந்திருக்கும். மேலிடம் நம்பாம முழுத் தோட்டத்தையும் லிஸ்டில இருந்து வெட்டியிருக்கும்." குடையை அவள் பக்கம் சாய்த்தான். அவனுடைய ஒரு தோள் நனைந்தது. "நாலு நாள் ஏன் கதைக்கேல்லை?"

கொன்ஸ்ரன்ஸ் கடலைப் பார்த்தாள். பிறகு அவனை.

"எவ்லின் அக்கா பசியை ஒருசந்தி எண்டு சொன்னா. நானும் அப்பிடித்தான் ராகுலன்... இவ்வளவு நாளும் இதைக் கோபம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

"இது... கோபமில்லையோ?"

"இன்னொருதரம் கேளுங்கோ. திரும்ப வந்து கேக்கிறதுதானே உங்கட பழக்கம்."

அவன் கேட்டான். மிக மெதுவாக.

"இல்லை" என்றாள் அவள், நனைந்த அந்தத் தோளில் கைவைத்து.