ஏற்றாத குமிழ்

காசிமேட்டில் மெல்லப் பேசுகிறவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் கடலின் இரைச்சல். மறுபக்கம் துறைமுகச் சரக்கு வண்டிகளின் ஓட்டம். இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு உரத்த குரல்தான் இயல்பு.

ஆகையால், மைக் செட் வாடகைக்கு விடும் பாஸ்கல் தம் ஒலிபெருக்கிப் பெட்டியில், குமிழின் அருகே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். குமிழ் அக்கோட்டில் நின்றால், யார் எவ்வளவு கத்தினாலும் ஒலிபெருக்கிக் குழாய் கரகரக்காது.

“ஆனா கோட்ட மட்டும் பாத்துக்கினு குந்திக்கினு இருக்காத,” என்பார் மகள் ஐரீனிடம். “கத்தறவன் வந்தா எறக்கு. மெல்லப் பாடறவங்க வந்தா மெதுவா ஏத்து. நீ திருப்பினதே எவனுக்கும் தெரியக்கூடாது.”

ஐரீன் ஆறாம் வகுப்பு மாணவி. 1972ஆம் ஆண்டு பள்ளி ஆண்டுவிழாவில் குமிழ் அவள் பொறுப்புக்கு வந்தது. ஒவ்வொரு குழந்தையின் உயரத்துக்கும் மைக்கை ஏற்றி இறக்க, பாஸ்கல் மேடையருகிலேயே நிற்க வேண்டியிருந்தது.

அன்று காலை, ஐரீனின் தோழி ஜீனத்தின் தெருவில் அவர் ஒரு குழாயைக் கட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜீனத்தின் தந்தை ஹுமாயூன், கால் முறிந்து கட்டிலில் கிடந்தார். சன்னல் வழியே அவர் குரல் வந்தது.

“மாமு, குழாய இன்னும் கொஞ்சம் இந்தாண்ட திருப்பு. எம் பொண்ணு பாடப் போவுது. என்னால எழுந்து வர முடியாது. தெருவே கேக்கட்டும்.”

“உன் காதுலயே ஊதறா மாதிரி வெச்சுட்டேன். போதுமா?” என்றார் பாஸ்கல்.

மாலையில் நாடகம். அரசனாக நடித்த லியோனார்ட், மைக்கைக் கண்டதும் எதிரிப் படையைக் கண்டவன் போல முழங்கினான். முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. ஐரீன் குமிழைக் கோட்டுக்கு இறக்கினாள்.

அடுத்து ஜீனத் வந்தாள். புதுப்பாவாடை, நூலிழை போன்ற மெல்லிய குரல். ஐரீனின் விரல்கள் குமிழைத் தொட்டன. ஆனால் திருப்பவில்லை.

அந்தப் பாட்டுக்கு ஐரீனும் பெயர் கொடுத்திருந்தாள். ஆசிரியை ஜீனத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்.

‘குமிழ் கோட்டில்தானே நிற்கிறது? என்மேல் என்ன தவறு?’ என்றது அவள் மனம்.

பாட்டு முடிந்தது. முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. பாடுகிறவளின் பக்கத்திலேயே நின்ற பாஸ்கலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஜீனத் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“அத்தா முழுப் பாட்டையும் கேட்டாராம். தேனாட்டம் இருந்துச்சாம்,” என்று சொல்லி, தன் கமர்கட்டில் பாதியைக் கடித்து ஐரீனிடம் நீட்டினாள்.

ஐரீன் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அந்தக் குரல் அந்தத் தெருவை எட்டியிருக்கவே முடியாது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மாலையில், ஜீனத் கடைக்குப் போயிருந்த வேளையில், ஐரீன் ஹுமாயூனின் கட்டிலருகே போய் நின்றாள்.

“மாமா, ஜீனத் பாடினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். “ராஜா கத்தினது கேட்டுச்சு. அப்பால குழாய் கம்முனு ஆயிடுச்சு. கரண்டு பூட்ச்சுன்னு நெனச்சேன்.”

“அப்போ அவகிட்ட ஏன் அப்பிடிச் சொன்னீங்க?”

“புள்ள ஓடியாந்து மூஞ்சியப் பாத்துக்கினு நிக்குது. கேக்கலன்னு எப்பிடிச் சொல்றது?”

“கரண்டு போவல மாமா. குமிழு என் கைலதான் இருந்துச்சு. நான்தான் ஏத்தல.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஐரீனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவகிட்ட சொல்லிடாத,” என்றார் சன்னல் பக்கம் திரும்பி. “சந்தோஷமா கீது.”

சொல்லாமல் விட்டால் ஐரீனுக்கும் வசதிதான். அந்த வசதிதான் அவளை உறுத்தியது. தந்தை கேட்டுவிட்டார் என்று நம்புகிற ஜீனத், அவருக்காக அந்தப் பாட்டை மறுபடி பாடவே மாட்டாள்.

“நான் சொல்லிடறேன் மாமா. அவ என்னை என்ன வேணா திட்டட்டும். நீங்க ஒரு தபா கேக்கணும்.”

அவர் தலையசைத்தார்.

மறுநாள் வகுப்பில் ஐரீன் சொன்னதைக் கேட்டு ஜீனத்தும் திட்டவில்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஐரீனிடம் அவள் பேசவே இல்லை.

ஐரீன் தந்தையிடமும் உண்மையைச் சொன்னாள். பாஸ்கல் மறுபடி அதே தெருவில் குழாயைக் கட்டினார்.

“சனிக்கிழமை சாயங்காலம் எங்க கடை வாசல்ல மைக் இருக்கும்,” என்று ஐரீன் ஜீனத்தின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். “குழாய் உங்க தெருவுல. வரணும்னு தோணினா வா.”

சனிக்கிழமை ஜீனத் வந்தாள். புதுப்பாவாடை இல்லை. மேடை இல்லை, கைதட்ட முன்வரிசையும் இல்லை. குமிழை எத்தனை முறை திருப்பினாலும் அவை திரும்பி வரப்போவதில்லை என்று ஐரீனுக்குத் தெரிந்தது.

ஐரீனைப் பாராமலே ஜீனத் பாடத் தொடங்கினாள். ஐரீன் குமிழை இழை இழையாக ஏற்றினாள். குரல் உயர்ந்த இடத்தில் சற்றே இறக்கினாள். அது தேய்ந்த இடத்தில் மீண்டும் ஏற்றினாள்.

பாதிப் பாட்டில் ஜீனத் நிறுத்தினாள். தன் தெருப் பக்கம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, நான்கு நாளைக்குப் பின் முதல்முறையாக ஐரீனின் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துடி.”

ஐரீன் ஏற்றினாள்.