பச்சை மிச்சமில்லாத வீடு

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கக்கூட உடம்பில் தெம்பில்லை. மாதக்கணக்காக ஊரிலுள்ள வேலிச்செடிகளை வெட்டிச் சாக்கில் கட்டுவதுதான் எங்கள் பூங்காத் துறைக்கு வேலை. இலை, தளிர், மொட்டு என்று எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பொடி. சாம்பல் நோய் என்று பெயர். இந்த மண்ணில் இல்லாதது, வெளியிலிருந்து வந்தது. ஊரே பவுடர் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். முதலில் நானும் சிரித்தேன்.

அது எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அக்காவின் கணவர், என் அத்தான், வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது ஏதோ ஒரு செடியின் குச்சியை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். குச்சி வளர்ந்து வேலியானது. அத்தான் படுக்கையில் விழுந்த வருடம் அதன் இலைகள் வெளுத்தன. அவர் இறந்துபோனபிறகு தெருவே வெளுத்தது. மற்ற வீடுகளெல்லாம் முடிந்து, இப்போது இந்த ஒரு வீடுதான் பாக்கி.

அக்கா வேலியோரம் நின்று ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தானையும் இப்படித்தான் துடைத்துவிடுவாள். ஒரே துணியால் துடைத்தால் நோய் இலைக்கு இலை பரவும் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவளை எதற்காவது ஒப்புக்கொள்ள வைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். செடி போனால் இந்த வீட்டின் பிடியும் விடும், அன்று மாலையே அவளை என்னோடு அழைத்துப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். விட்டால் அடுத்த வருடம் அக்கா இருக்கமாட்டாள் என்று எனக்குப் பயம்.

நான் நினைத்ததற்கு மாறாக அவள் தடுக்கவே இல்லை. என்னோடு வந்த ஆட்கள் வேலியை வெட்டி வேரையும் தோண்டினார்கள். திரும்ப ஒருமுறை வருவதற்கு எனக்குச் சக்தி கிடையாது. அதனால் தொட்டிச்செடி, புல், சுவரிடுக்கில் முளைத்தது என்று பச்சையாக இருந்த எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். சாக்குகளோடு ஆட்கள் போனபிறகு படியில் உட்கார்ந்து கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது பட்டுப்போன மரத்துல வராதாடா?"

அசதியில் வாய் தானாகப் பேசியது. உளுத்த மரத்திலும் ஈரச் சுவரிலும் பூப்பது வேறு பூசணம் என்றேன்.

"இது உயிர் இருக்கறதுலதான் ஒட்டும்க்கா. செத்ததைத் தொடாது."

அவள் முகம் மலர்ந்தது. அவளை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று.

"உள்ள வா. ஒண்ணு காட்டறேன்."

படுக்கையறை ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மருந்து வாடை இன்னும் போகவில்லை. அதோடு காளான் வாடையும் சேர்ந்திருந்தது. கட்டிலில் அக்கா படுக்கும் பக்கம் சுத்தமாக இருந்தது. அத்தான் கிடந்த சுவரோரப் பக்கம் வெளுத்திருந்தது. தலையணையில் தலை அகலத்துக்கு, அதற்குக் கீழே தோள் அகலத்துக்கு, அப்படியே கால்மாடு வரைக்கும்.

வெறும் பூசணம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த லென்ஸை எடுத்துக் குனிந்தேன். பூசணமென்றால் பஞ்சாகப் படர்ந்திருக்கும். இங்கே பாசிமணி கோத்த மாதிரி சின்னச் சின்னச் சரங்கள் நிமிர்ந்து நின்றன. இத்தனை மாதமாக இலைகளில் பார்த்துப் பார்த்து அலுத்த அதே சரங்கள். அடியில் இலை இல்லை, மெத்தைத் துணி மட்டும்தான்.

சரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

நிமிர்ந்தன.

மறுபடி சாய்ந்தன.

அறையில் காற்றில்லை. என் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் சாய்ந்தன, மெதுவாக, தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்கும் கதியில்.

"பாத்தியா?" அக்கா கிசுகிசுத்தாள். "உயிர் இருக்கறதுலதான் ஒட்டும்னு நீயே சொல்லிட்ட. இவரை விட்டுட்டு நான் எப்படிடா உன்கூட வர்றது?"

நான் அவளிடம் சொன்னது பாதிதான். இந்த நோய் உயிருள்ளதில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, அதை உறிஞ்சித்தான் பிழைக்கும். இத்தனை நாளும் வேலியைத் தின்று பசியாறியிருக்கிறது. அந்த வேலியை ஒரு வேர்கூட விடாமல் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன். இந்த வீட்டில் இனி உயிரோடு மிச்சமிருந்தது அக்கா ஒருத்திதான்.

கிளம்பு என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டைச் சுற்றி விரல் அகலத்தில் வெள்ளைத் தடங்கள், யாரோ இறுகப் பற்றியிருந்ததுபோல. சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன். சுத்தமாகப் போயிற்று.

"விடுடா, வலிக்கவே இல்ல" என்றாள் அக்கா, அன்பாக.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு விரலாக, அது திரும்ப வந்தது.