கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

எங்கள் கோயா ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் மாலை வரைக்கும் நாய்கூடத் தெருவில் நடக்காது. கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். அந்த உச்சி வெயிலில் வெளியே அலைவது ஆவிகள் மட்டும்தான் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நானும் அலைவேன், ஜன்னல் வழியாக. எல்லாரும் தூங்கிவிட்டால் தெருவை யார் பார்த்துக்கொள்வது?

அப்படித்தான் அந்த லாரி எதிர்ச் செருப்புக் கடை வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். முன்கண்ணாடியில், வழித்துணைக்கு லாரிக்காரர்கள் கும்பிடுகிற காவ்சீத்தோ சாமியின் சிவப்பு நாடா. உள்ளே, அந்தச் செருப்புக் கம்பெனிக்கு மாகாணம் முழுக்க இருக்கிற கிளைகளுக்கெல்லாம் புது ரேக்கு, புதுக் கண்ணாடி, புது கவுன்டர். இறங்கியவள் கிரிசெல்தா. ஒவ்வொரு ஊராகப் போய்ப் பழைய மரச்சாமானைக் கழற்றவைத்து, புதியதை மாட்டவைத்து, தலைமை ஆபீசுக்குப் படம் அனுப்பி, அடுத்த ஊருக்கு நகர்வதுதான் அவள் வேலை. எல்லாக் கடையும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருக்க வேண்டும். சியெஸ்தா என்கிற இந்த மத்தியானத் தூக்க நேரத்தில்தான் கடை மூடியிருக்கும், ஆகவே அப்போதுதான் வேலை.

ஒரு ஜாடி தெரெரே இலைப் பானத்தில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். தாகத்துக்குக் கொடுப்பது புண்ணியம். கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பது என் பழக்கம்.

"என்ன சமீகா, ஜன்னல்ல கண்ணு வலிச்சுப்போச்சா? நேர்லயே வந்துட்ட," என்றாள் சுல்மா. அந்தக் கடையின் விற்பனைக்காரி. சமீகா என்றால் எங்கள் பேச்சில் தோழி. பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தாகமா இருப்பீங்களேன்னு வந்தேன்."

"யாருக்குத் தாகம்? உன் காதுக்கா?"

அவள் இடது காலில் கட்டு. நின்று நின்று நரம்பு புடைத்து, புடைத்தது புண்ணாகி, ஆறாமல் கிடந்தது. டாக்டர் சொல்லிவிட்டார்: உட்கார்ந்து வேலை பார், இல்லையென்றால் வேலையை விடு. அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். புதுச் சாமானோடு கல்லாவுக்கு ஒரு ஸ்டூலும் வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, கல்யாணத்துக்கு நாள் குறித்தவள் மாதிரி லாரிக்காகக் காத்திருந்தாள்.

காரணம், தோன் அன்செல்மோ. போன குளிர்காலம் வரை அந்தக் கடைக்கு மேனேஜர். விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவரும் கொடுத்திருந்தார், பின்அறையில் வைத்துப் பூட்டி. யாராவது கவுன்டரில் இடுப்பைச் சாய்த்தால் போதும். ஷூ மாட்ட உதவுகிற நீண்ட இரும்புக் கரண்டியால் பலகையில் தட்டுவார். டக், டக். வாயைத் திறக்க மாட்டார். பெண்கள் நிமிர்ந்துவிடுவார்கள், வலித்தால் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். கடைசியில் அந்தக் கல்லாவுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ஊரே போனது, நிஜமாகவே செத்தாரா என்று பார்க்க.

கிரிசெல்தாவோடு வந்த சமோரோ என்கிற ஆள் பழைய கவுன்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டான். புது வயரிங்குக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் வெயில் ஒரு கோடாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு, தோல் வாசனை, புழுக்கம்.

கவுன்டர் இருந்த வெற்றிடத்தில் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தான் சமோரோ. நாங்கள் திரும்பினோம்.

பின்னால் ஒரு சத்தம். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது.

"தரை சரிவா இருக்கு," என்றான்.

மட்டம் வைத்துப் பார்த்தான். சரிவில்லை. மறுபடி நிமிர்த்தினான். இந்த முறை நாங்கள் யாரும் திரும்பவில்லை. எங்கள் கண்ணெதிரே அது ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து, யாரோ காலால் தள்ளியது போலச் சுவர் வரை சறுக்கிப் போனது.

கற்பூரத் தைல வாசனை வந்தது, தோன் அன்செல்மோவின் சட்டையில் எப்போதும் அடிக்கிற அதே வாசனை. அதற்கடியில் கறுப்பு பாலிஷ்.

டக், டக்.

மரத்தில் தட்டிய சத்தம். இடுப்பளவு உயரத்தில், வெறும் காற்றிலிருந்து. கவுன்டர் மரமோ லாரியில் கிடந்தது.

சுல்மா நிமிர்ந்து நின்றுவிட்டாள். அவளுக்கே தெரியாமல் முதுகு நிமிர்ந்துவிட்டது. காலில் கட்டியிருந்த துணியில் ரத்தம் கசிவதைப் பார்த்தேன்.

கிரிசெல்தா வெளியே போய் ஆபீசுக்குப் போன் போட்டாள். நானும் ஷட்டரோரம் நகர்ந்தேன், காற்று வாங்க. எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது. "ஒரு ஸ்டூலுக்காக மாகாணமே காத்துக் கெடக்கணுமா? அதை விட்டுட்டுப் படம் எடுத்து அனுப்பு. அடுத்த ஊருக்குக் கிளம்பு."

"அடுத்த கடையில இதே மாதிரி ஆனா?"

"அங்கயும் விட்டுடு."

அவள் போனைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். வெயிலில் நின்றும் அவள் உதடு வெளுத்திருந்தது.

"இந்தக் கடை முடியாம என் லாரி நகராது, சார்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளே வந்து ஸ்டூலை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சுல்மா, வாங்க. உக்காருங்க."

சுல்மா வந்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

டக், டக்.

அவள் எழவில்லை.

டக், டக், டக், டக்.

ஷட்டருக்கு அடியில் தெரிந்த வெயில் கோடு மங்கியது. அவள் பின்கழுத்தில் முடி பிரிந்தது, யாரோ முகத்தைக் கிட்டே கொண்டுவந்து மூச்சு விட்டது போல. ஸ்டூல் நடுங்கியது. கிரிசெல்தாவின் விரல் கணுக்கள் வெளுத்தன.

"நீங்க உசுரோட இருந்த வரைக்கும் நின்னேன், தோன் அன்செல்மோ," என்றாள் சுல்மா, மெதுவாக. "மரியாதைக்கு. சம்பளம் நீங்க குடுத்தீங்க, அதுக்கும் நின்னேன். இப்ப சம்பளம் வேற எடத்துல இருந்து வருது."

சமோரோ தன் கருவிப் பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். கிரிசெல்தா ஸ்டூலை விடாமல் அப்படியே தரையில் அமர்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வீரமென்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தனியாக நிற்கப் பயம்.

யாரும் நிற்கவில்லை. அந்தக் கடையில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

தட்டல் ஷட்டரில் கேட்டது. கூரையில் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

நின்றது.

மாலையில் கடை திறந்தபோது புது விளக்குகள் எரிந்தன. படம் போனது, லாரியும் போனது. முதல் ஆளாக வந்த பாதிரியாரின் சமையல்காரி, "என்ன, மகாராணி சிம்மாசனத்துலயா?" என்றாள். "ஆமா, நீ நில்லு," என்றாள் சுல்மா.

அடுத்த வாரம் எனக்கு வேண்டாத ஒரு செருப்பை வாங்கப் போனேன். சுல்மாவின் புண்ணின் ஓரம் காய ஆரம்பித்திருந்தது. கேட்கவே வேண்டாம், முகத்திலேயே தெரிந்தது.

"அப்புறம் ஒண்ணும் இல்லையே?" என்று கிசுகிசுத்தேன்.

அவள் என்னைக் கவுன்டருக்குப் பின்னால் அழைத்தாள். கீழே காட்டினாள். தரையில் புதிதாக ஒட்டிய ரப்பர் விரிப்பு. ஸ்டூலுக்கு நேரெதிரே, அதில் இரண்டு பள்ளங்கள். ஆண்கள் ஷூ அளவு. நுனி அவள் பக்கம் பார்த்திருந்தது.

"காலைல கடை திறந்தா வந்துரும். மூடினா போயிரும்."

"கெளம்பிடு சமீகா. வேற வேலை பாத்துக்கலாம்," என்றேன்.

"நான் எதுக்குக் கெளம்பணும்?" சுல்மா காலை நீட்டி ஒரு பெட்டி மேல் வைத்துக்கொண்டாள். "நிக்கட்டும். நிக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கட்டும்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது பள்ளம் மெல்ல மேலெழும்பித் தரையோடு சமமானது. வலது பள்ளம் ஆழமானது.

கொஞ்ச நேரம் போனது. வலது எழும்பியது. இடது ஆழமானது.