இரவல் வெளிச்சம்

டார்ச்சை அணைத்த பிறகும் திரையில் வயல் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது.

வயலோர மேட்டில் துப்பாக்கியோடு படுத்திருந்த ராட்னி பெக்வித் டார்ச்சின் பொத்தானை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். துப்பாக்கி ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தால் எதிரே யார்க்ஷயரின் நவம்பர் இருட்டு, தாரை ஊற்றியது போல. கண்ணை வைத்தால் கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக. மனிதக் கண்ணுக்குப் பிடிபடாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் ஸ்கோப்பில் மாட்டிய அந்தக் கேமராவுக்கு மட்டுமே தெரியும். அதைக் கொடுக்க வேண்டிய ஒரே டார்ச்சோ பேட்டரி இல்லாமல் துப்பாக்கியின் முதுகில் செத்துக் கிடந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. டார்ச் துப்பாக்கி மேலேயே இருந்தால் பார்க்கிறவருக்கு நிழல் தெரியாது. எல்லா நிழலும் பொருளுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு புல்லுக்கும் நிழல் இருந்தது. எல்லா நிழலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியென்றால் வெளிச்சம் இடப்பக்கத்தில், வேலிக்கு அப்பாலிருக்கும் காட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கம்பளக் கம்பெனி ஒன்றில் வட்டார மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர் ராட்னி. ஓய்வுக்குப் பிறகு மேலாள்வதற்கு எதுவும் கிடைக்காமல் முயல்களைப் பிடித்துக்கொண்டார். 'வனவிலங்குக் கட்டுப்பாட்டு ஆலோசகர்' என்று அட்டை அச்சடித்து, யாரும் கேட்காமலே கொடுப்பார். இருட்டில் முயல் பார்த்துவிடாதபடி இலைப்படம் போட்ட கால்சட்டை வாங்கியிருந்தார். இருட்டில் எந்தக் கால்சட்டைதான் தெரியும் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அதற்கு அவர் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பண்ணை முற்றத்தில் மனைவியின் தம்பி கிளிஃப்புக்குக் கருவிகளைப் பற்றி நீண்ட வகுப்பு நடந்தது. ஸ்கோப்பின் பின்பக்கத்தில் கேமராவை எப்படி மாட்டுவது, டார்ச்சின் ஒளிவட்டத்தைத் திருகாணியால் நகர்த்திக் குறிக்கம்பிகளின் நடுவே எப்படிக் கொண்டுவருவது, பக்கத்துப் புல்லில் பட்டு ஒளி திரும்பி அடிக்காமல் வட்டத்தை எவ்வளவு குறுக்குவது. கிளிஃப் பன்றிக்கறிப் பை ஒன்றைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், முக்கியமா ஒண்ணு சொல்லணும்..."

"குறுக்க பேசாத மாப்ள. கேளு. நீ வயல் கேட் பக்கத்துல நில்லு. நான் சுட்டு முடிச்சு கூப்பிட்டதும் போய் முயலப் பொறுக்கணும். அப்புறம் என்கிட்ட வரணும். வெள்ள லைட் மட்டும் போட்டுராத. வயல் மொத்தமும் காலியாயிரும்."

"இருட்டுல உன்ன எப்படிக் கண்டுபிடிக்கறது? வாசனைய வச்சா?"

"என் டார்ச்ச நேருக்கு நேரா பாத்தா அதோட முகத்துல மங்கலா ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதப் பாத்து நடந்து வா."

"வீட்டுக் கூரையில ஓட்ட. அத அடைக்காம இவ்வளவு செலவு பண்ணி, கடைசியில பீடி நெருப்பு மாதிரி ஒரு புள்ளி," என்றான் கிளிஃப். "எங்கக்கா பாவம்."

ராட்னிக்குச் சிரிப்பு வரவில்லை. பண்ணைக்காரி திருமதி ஹார்கிரேவ் போன வாரம் சொன்னது காதில் கிடந்தது. "மேட்டு வயல்ல என் புல்ல ஆட்ட விட முயல்தான் அதிகமா திங்குது. நீங்க வர்றீங்க, போறீங்க, புதுசு புதுசா எதையாவது மாட்டிட்டு வர்றீங்க. தபால்காரர் வில்ஃப் சும்மா ரெண்டு கீரி மாதிரி ஜந்துவ பையில போட்டுட்டு வந்து, வளைக்குள்ள விட்டு, ஒரே ஞாயித்துக்கிழமையில முயல மூட்ட கட்டிட்டுப் போயிட்டாரு. இந்த வாரத்துக்குள்ள வயல காலி பண்ணிக் காட்டுங்க. இல்லன்னா கேட்டுச் சாவிய அவருகிட்ட கொடுத்துருவேன்." சாவி போனால் சுட நிலம் இல்லை. நிலம் இல்லாவிட்டால் அவர் இலைப்படக் கால்சட்டை போட்ட ஒரு கிழவர், அவ்வளவுதான். வாரம் இன்றோடு முடிகிறது.

ஆகவே காட்டில் வெளிச்சம் என்றதும் அவர் மனம் ஒரே பெயரைச் சொன்னது. வில்ஃப். திருட்டுத்தனமாக, தன்னுடையதை விட நல்ல டார்ச்சோடு.

நல்ல டார்ச்தான். ஓரம் கலங்காத, நடுவில் வெளிறாத வட்டம். அது புல் மேல் மெல்ல ஊர்ந்து ஓர் இடத்தில் நின்றது. அதன் நடுவே ஒரு முயல்.

ராட்னி காத்திருந்தார். காட்டிலிருந்து வேட்டுச் சத்தம் வரவில்லை. முயல் பின்னங்காலில் நிமிர்ந்து, காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வில்ஃபின் வெளிச்சத்தில் வில்ஃபின் முயலை அடிப்பதில் ஒரு இனிமை இருந்தது. சைலன்சர் வழியாக ஒரு இருமல். தலை பாதியாகி, உடல் எகிறி விழுந்து, கால்கள் கொஞ்ச நேரம் காற்றை உதைத்தன.

வெளிச்சம் நகர்ந்தது. நின்றது. நடுவே இன்னொன்று.

பேட்டரியை மறுபடி மாட்டப் போன கையை ராட்னி அப்படியே வைத்துக்கொண்டார். தேவைப்படவில்லை. இரண்டாவதற்குத் தாடை பறந்தது. மூன்றாவது வயிற்றில் வாங்கி, குழந்தை போல வீறிட்டு, குடல் புல்லில் இழுபட வட்டம் சுற்றி ஓய்ந்தது. வெளிச்சம் பொறுமையாக அதனோடு கூடவே சுற்றியது. அது சாகும்வரை விலகவில்லை. பிறகு அடுத்தது. மூன்று குளிர்காலங்களில் அவர் இப்படிச் சுட்டதேயில்லை. வெடிமருந்து வாசனைக்கு அடியில் ஈரக் கம்பளியும் இரும்பும் கலந்த இன்னொரு வாசனை காட்டுப்பக்கமிருந்து வந்தது. பக்கத்தில் அடிபட்டு விழுந்தும் எந்த முயலும் ஓடவில்லை. எல்லாம் அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன, மிஞ்சியவை மிஞ்சிய இடத்தில், முறை வருவதற்குக் காத்திருப்பது போல.

ஏன் ஓடவில்லை என்று அவர் நினைத்தார். சுட்டுக்கொண்டே நினைத்தார்.

பிறகு, முதலில் விழுந்த முயல் கிடந்த இடத்தைப் பார்த்தார். முயல் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒளிவட்டத்தின் ஓரத்தைத் தாண்டி, காட்டுப்பக்கமாக, பின்னங்கால் முன்னே போக வழுக்கிக்கொண்டு போயிற்று. திரையில் ஒரு நீண்ட கறை மட்டும் அசைந்தது.

தன் முயல்களை வில்ஃப் திருடுகிறான்! பயம் வரவேண்டிய இடத்தில் ராட்னிக்குக் கோபம் வந்தது. வாக்கி டாக்கியை வாயருகே வைத்துக் கிசுகிசுத்தார்.

"மாப்ள, உடனே போய் பொறுக்கு. கேட்டுலேருந்து நேரா. ஓடு."

"எத்தன?"

"நிறைய. போ!"

திரையின் ஓரத்தில் கிளிஃப் வந்தான். இருட்டில் நடப்பவர்களுக்கே உரிய கோமாளி நடை, முழங்காலை உயரத் தூக்கி, கையை முன்னால் நீட்டி. குனிந்தான். தடவினான். இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடி குனிந்தான்.

"மச்சான், இங்க ஒண்ணும் இல்ல. புல்லு பூரா பிசுபிசுன்னு ரத்தம். ஆனா முயல் இல்ல."

"நல்லா பாரு."

"எத வச்சு பாக்க? எனக்கு கண்ணே தெரியல. சரி, நான் உன்கிட்டயே வர்றேன். உன் சிவப்புப் புள்ளி நல்லாத்தான் தெரியுது." பூட்ஸ் புல்லில் உரசும் சத்தம். "ஆமா, நீ மேட்டுலல்ல படுத்திருந்த? காட்டுக்குள்ள எப்பப் போன?"

ராட்னியின் டார்ச் இருண்டிருந்தது. பேட்டரி அவர் கையில் இருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். அது நான் இல்லை என்று ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால், அடுத்தவன் வெளிச்சத்தில் சுட்டதையும் சொல்ல வேண்டும். நாளைக்கே பப் முழுக்கச் சிரிக்கும். அவர் வாக்கியத்தைக் கௌரவமாக அமைக்கப் பார்த்தார். அதற்குள் கிளிஃப் நிறைய தூரம் நடந்துவிட்டான்.

"மாப்ள, நில்லு. அங்க போகாத. அது நான் இல்ல. அந்தத் தபால்காரப் பய வில்ஃப்."

"வில்ஃபா?" கிளிஃப் சிரித்தான். "அவன் இன்னிக்குக் காலையில ஏணியிலேருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில கால தூக்கிக் கட்டிப் படுத்திருக்கான். அதத்தான் சாயங்காலம் சொல்ல வந்தேன். நீ திருகாணிப் பாடம் நடத்திட்டு இருந்த."

வெளிச்சம் நகர்ந்தது.

அவசரமில்லாமல் புல்லில் ஊர்ந்து வந்து, கிளிஃப்பின் மேல் நின்றது. பாதம் முதல் தலை வரை. சரியாக நடுவில். ஒவ்வொரு முயல் மேலும் நின்றது போல.

கிளிஃப்புக்கு அது தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

வெளிச்சம் காத்திருந்தது. ராட்னியின் விரல் விசையில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நேரமும் வெளிச்சத்தின் நடுவில் வந்ததை அந்த விரல் கேள்வி கேட்டதில்லை. அதை ஒவ்வொரு கணுவாகப் பிரித்து எடுத்தார்.

"ஓடு, கிளிஃப்! வேனுக்கு ஓடு!" இப்போது வாக்கி டாக்கி இல்லாமலே கத்தினார்.

கிளிஃப் திரும்பினான். குரல் மேட்டிலிருந்து வந்தது. புள்ளி எதிரே இருந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மச்சான்... அப்ப இது யாரு? புள்ளிக்குக் கீழ கறுப்பா கைய நீட்டிட்டு நிக்குது... எதுமேல ஏறி நிக்குது, இவ்வளவு ஒசரத்துல?"

வெளிச்சம் சடக்கென்று ராட்னியின் பக்கம் திரும்பியது. திரை வெளுத்தது. முழுக்க வெள்ளை. கண்ணுக்குள் ஊசி. வெள்ளைக்கு நடுவே ஏதோ கிழிபடும் ஓசை, ஈரத் துணியைக் கிழிப்பது போல, நீளமாக. கிளிஃப்பின் அலறல் வாக்கி டாக்கியிலும் வயலிலும் ஒரே நேரத்தில் கேட்டது. வாக்கி டாக்கியில் முதலில் நின்றது.

ராட்னி வெள்ளையின் நடுவில் சுட்டார். மறுபடி. மறுபடி. குண்டு சதையில் இறங்கும் சொத்தென்ற சத்தம். யார் சதை? மறுபடி சுட்டார். துப்பாக்கி வெறுமையாகக் 'கிளிக்' என்றது.

வெளிச்சம் அணைந்தது.

இருட்டு. காற்று இல்லை. வயலில் எதுவோ இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. வேலிக் கம்பி ஒன்று கிணுகிணுத்தது.

பேட்டரி. விரலிலிருந்து நழுவிவிட்டது. மண்டியிட்டுத் தடவினார். ஈரப் புல். கல். ஆட்டுப் புழுக்கை. தன் மூச்சு தனக்கே நாய் மூச்சு போலக் கேட்டது. கிடைத்தது. தலைகீழாக மாட்டினார். கழற்றினார். மாட்டினார். எழுந்து நின்று, துப்பாக்கியைத் தோளில் வைத்து, பொத்தானை அழுத்தினார்.

மங்கலான, ஓரம் கலங்கிய வட்டம். அவருடையது.

வயலில் கிளிஃப் இல்லை. முயல்கள் இல்லை. வட்டத்தை இடப்பக்கம் கொண்டுபோனார். காட்டோரத்து வேலிக்கு.

முயலின் ஒரு பின்னங்காலில், எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே கீறி, மற்றக் காலை அந்தத் துளைக்குள் நுழைத்தால் கொக்கி மாதிரி ஆகிவிடும். அப்படியே வேலியில் மாட்டிவிட்டுப் போவது அங்கே முயல் சுடுகிறவர்களின் வழக்கம். காலையில் பண்ணைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். வேலியில் முயல்கள் வரிசையாகத் தொங்கின. வயிறுகள் சுத்தமாகத் திறக்கப்பட்டிருந்தன. எந்தப் பண்ணைக்காரியும் வாய் பேசாமல் சாவியைக் கொடுத்துவிடும் அளவுக்கு, வயல் மொத்தமும் அங்கே இருந்தது.

வரிசையில் அடுத்தது கிளிஃப். பூட்ஸ் கழற்றப்பட்டுக் கீழே ஜோடியாக வைக்கப்பட்டிருந்தது. இடக்காலின் நரம்புக்குள் வலக்கால் கச்சிதமாக நுழைந்திருந்தது. கம்பி அவன் எடைக்குத் தாழ்ந்து மெல்ல ஆடியது. திறந்த வயிற்றிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. தலைகீழான வாய் மூடி மூடித் திறந்தது. கண்கள் ராட்னியைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், உயரத்தில், எதையோ பார்த்தன.

கிளிஃப்புக்கு அப்பால் கம்பி காலியாக இருந்தது, ஓர் ஆள் அகலத்துக்கு.

திரை பளிச்சென்று தெளிந்தது. ஓரம் கலங்காத, நடுவில் வெளிறாத வட்டம். இம்முறை இடப்பக்கத்திலிருந்து வரவில்லை. புல்லின் நிழல்கள் எல்லாம் அவருக்கு முன்னே நீண்டு கிடந்தன. அவற்றின் நடுவே துப்பாக்கியை ஏந்திய ஒரு மனித நிழல் வயலைத் தாண்டிப் போய் வேலியில் ஏறி, அந்தக் காலி இடத்தில் நின்றது.