காலடிக்கு வந்த செருப்பு

வடிவின் கல்யாணத்தை அவள் தங்கை அஞ்சலை ஏற்கெனவே பல தடவை நடத்திப் பார்த்துவிட்டாள். ஒரு தடவை மாப்பிள்ளையின் அத்தை பாலும் பழமும் கொடுப்பதில் முந்திக்கொள்ளப் போய் மூக்குடைபட்டாள். இன்னொரு தடவை அப்பளம் தீர்ந்துபோய், சமையல்காரரும் சம்பந்தியும் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் அஞ்சலை கல்யாணத்தை நிறுத்தி, நாற்காலிகளை இடம் மாற்றி, மறுபடியும் மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஆரம்பித்தாள். நிஜக் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

திருச்சியில் அவள் படித்த கல்லூரியின் ஒத்திகையகத்தில்தான் இதெல்லாம் நடந்தது. அழைப்பிதழை ஏற்றுக்கொள்ளும்போதே விருந்தாளிகள் நாள் முழுதும் தங்களைக் கவனிக்கும் கைப்பட்டைக்குத் தெரிந்த குணங்களையும் கொடுத்துவிடுவார்கள். எதற்குக் கோபம் வரும், யாரைக் கண்டால் முகம் மாறும், எவ்வளவு நேரம் பசி தாங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து ஒத்திகையகம் ஒளியால் மனிதர்களைச் செய்து கூடத்தில் உலவவிடும். யாராவது முகம் சுளித்தால் சுவரில் உரசல் எண் ஏறும். ஊரில் அந்த எண் தெரியாமல் காதுகுத்துகூட நடப்பதில்லை.

வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு நிகழ்ச்சி மேலாண்மை. அதில் மதிப்பெண்ணே உரசல் எண்ணுக்குத்தான். எண் பூஜ்யமாக இருந்தால் முதல் வகுப்பு. பேராசிரியர் ஸ்டெல்லா வகுப்பில் அடிக்கடி சொல்வார்: "வந்தவங்க எல்லாரும் சிரிச்ச முகத்தோட வீட்டுக்குப் போகணும். மத்ததெல்லாம் அலங்காரம்."

அஞ்சலை தன் அக்காவின் கல்யாணத்தையே செய்முறைத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டாள். எல்லாம் சரியாக வந்தது. ஒருவர்தான் படியவில்லை. அப்பாவின் அண்ணன், பெரியப்பா ரித்தீஷ்.

அப்பா தர்ஷனுக்கும் அவருக்கும் பேச்சில்லை. புதுமனை புகுவிழா அழைப்பிதழில் பெரியப்பா பெயர் விட்டுப்போனது. அப்பா அதற்கு மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. பெயர் போடாத வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார் பெரியப்பா. வடிவு கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்க அம்மாதான் போனாள். அப்பா கூடவே போய், தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒத்திகையில் பெரியப்பா ஒவ்வொரு தடவையும் அதையேதான் செய்தார். வருவார், பந்தியில் உட்காருவார், அப்பாவைப் பார்ப்பார். "மரியாதை தெரியாத எடத்துல எனக்கென்ன வேலை?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி சொல்லிவிட்டு இலையை விட்டு எழுந்துவிடுவார். விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடுவார். கல்யாண மண்டப வாசலில் செருப்புக் குவியலைக் கண்டவர்களுக்கு அந்தத் தேடல் தெரியும். குனிந்து, நிமிர்ந்து, இன்னொருவர் செருப்பில் காலை விட்டுப் பார்த்து, எடுத்து, தேடிக்கொண்டே இருந்தார். சுவரில் உரசல் எண் ஏறிக்கொண்டே போனது. அஞ்சலை ஒத்திகையை அங்கேயே நிறுத்தினாள்.

அதற்குமேல் என்ன நடக்கிறது என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. உரசல் வந்துவிட்டால் ஒத்திகை தோற்றதாகத்தானே கணக்கு?

அவள் இரண்டு மாற்றங்கள் செய்தாள். பெரியப்பாவுக்கு முதல் பந்தி, அந்த நேரத்தில் அப்பாவுக்கு மேடையில் சடங்கு என்று இருவருக்கும் நேரம் பிரித்தாள். கூடவே, வாசலில் நெரிசலும் எரிச்சலும் கூடாதென்று வாசல்தட்டு என்ற சின்னக் கருவியையும் வடிவமைத்தாள். ஆள் இருக்கையை விட்டு எழுந்த உடனே அது அவர் செருப்பை அடையாளம் கண்டு, நுனி தெருவைப் பார்க்கும்படி வாசலில் அவர் காலடியில் கொண்டுவந்து வைக்கும். வண்டியையும் அதுவே அழைத்துவிடும். உரசல் எண் பூஜ்யத்துக்கு வந்தது. பேராசிரியர் தட்டிக்கொடுத்தார்.

கல்யாணத்தன்று காலை பட்டுவேட்டியில் நின்ற அப்பா அவளைத் தனியே அழைத்தார்.

"அண்ணன் வந்தா எனக்கு ஒரு குரல் குடு."

"சரிப்பா" என்றாள். கொடுக்கவில்லை.

கடைசிப் பந்தி முடிந்தபோது அவர் கேட்டார். "அண்ணன் வரலையா?"

"வந்தாருப்பா. சாப்பிட்டாரு, மணமகள் அறைக்குப் போய் அக்காவுக்கு விபூதி பூசி விட்டாரு, சந்தோஷமா கெளம்பிட்டாரு."

"சத்தம் ஏதும் போடலையா?"

"இல்லப்பா. ஒரு சின்னப் பிரச்சினைகூட வரல."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஒரு வார்த்தைகூட திட்டலையா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பரிமாறிய பாயசத்தைத் தொடாமல் எழுந்தார்.

அஞ்சலை துறையில் முதலாவதாக வந்தாள். வாசல்தட்டை ஒரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. சீக்கிரமே அது இல்லாத மண்டபம் மண்டபமே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் தொடாத அந்தப் பாயசம் அவள் மனதை விட்டுப் போகவில்லை. ஒருநாள் மத்தியானம், கல்லூரியில் வகுப்பு நடக்காத நேரத்தில், ஒத்திகையகத்துக்குப் போய்த் தான் பாதியில் நிறுத்திய கல்யாணத்தை மறுபடி ஓடவிட்டாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

பெரியப்பா செருப்பைத் தேடினார். அது அவர் கண்ணெதிரேதான் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டித் தேடினார். ஒளியால் ஆன அப்பா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, "எங்கண்ணே போற? பந்தியில ஒன் எலை அப்படியே இருக்கு" என்று கையைப் பிடித்தார். "என் பேரையே போடாதவன் நீ." "தப்புதாண்ணே." "அத அன்னைக்கே சொல்றதுக்கு ஒனக்கு என்ன?" வாசலில் நின்று இருவரும் ஊரே பார்க்கக் கத்தினார்கள். பிறகு அழுதார்கள். பிறகு ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உரசல் எண் உச்சத்தில் இருந்தது. சமாதானத்தை எண்ணுவதற்கு அந்தச் சுவரில் இடமே இல்லை.

அஞ்சலை கூடத்தின் நடுவே உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அடுத்த தையில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். தட்டு வைத்து அழைக்கப் பெரியம்மா வந்தாள். அவளை வழியனுப்பப் போன அஞ்சலை, தெருமுனையில் வண்டிக்குள் பெரியப்பா குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வீட்டுக்குள் ஓடிவந்து, ஒத்திகையில் பார்த்தது உட்பட எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள்.

"நீங்க போய் சண்டை போடுங்கப்பா. அவரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீ ஒண்ணும் ஏற்பாடு பண்ணாம இருந்தா போதும்."

மண்டபத்தில் அவர்களை வரவேற்றது அவளுடைய திட்டமேதான். பன்னீர் தெளித்தவனிலிருந்து பந்தி நேரம் வரை எல்லாவற்றையும் அவள் அடையாளம் கண்டுகொண்டாள். அவர்களுக்கு முதல் பந்தி. பெரியப்பாவுக்கு அந்த நேரத்தில் மேடையில் சடங்கு. நடத்துபவன் அவள் கல்லூரியிலேயே அவளுக்கு அடுத்த வகுப்பு மாணவன். "உங்க முறைதாங்க்கா, அப்படியே எடுத்துக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொன்னான்.

அப்பா குறை தேடினார். கிடைக்கவில்லை. சாம்பார் கேட்பதற்குமுன் வந்தது, அப்பளம் நொறுங்காமல் வந்தது. கடைசியில் காரணமே இல்லாமல் எழுந்தார். "மரியாதை தெரியாத எடத்துல எனக்கென்ன வேலை?" என்று சத்தமாகச் சொன்னார். மேடையில் இருந்த பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பா வாசலை நோக்கி நடந்தார். நடக்கும்போது அவர் தோளில் ஒரு பையனின் துள்ளல் இருந்ததை அஞ்சலை கவனித்தாள்.

பெரியப்பா புரோகிதரைக் கையமர்த்திவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். முழங்கால் வலியோடு படிக்குப் படி நின்று இறங்கினார். அஞ்சலை போய்த் தாங்கிக்கொண்டாள்.

"வாம்மா. செருப்பத் தேடிக்கிட்டு இருப்பான். அவன் லேசுல கண்டுபிடிக்க மாட்டான்" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

அப்பா வாசல்படியை மிதிப்பதற்குமுன்பே வாசல்தட்டு வந்து நின்றிருந்தது. செருப்பு இரண்டும் துடைத்த பளபளப்போடு, நுனி தெருவைப் பார்த்தபடி, அவர் காலடியில் இருந்தன. எதிரே வண்டியின் கதவு திறந்திருந்தது. கோபித்துக்கொண்டு எழுந்த மனிதன், செருப்பு காலடிக்கு வந்தபின்னும் போகாமல் நின்றால் அது கெஞ்சுவது. அவர் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் அண்ணன் தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிவிட்டார்.

அஞ்சலை வாசலுக்கு வந்தபோது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த பெரியப்பா, காலியான வாசலை மேலும் கீழும் பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரமாவா போயிட்டான்?" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப நெஜமாவே கோவம்தான் போல" என்றார்.

"இல்ல பெரியப்பா, அது வந்து..." என்று அஞ்சலை ஆரம்பித்தாள். அவர் அதற்குள் மேடைக்குத் திரும்பிவிட்டார். அவள் காலடியில் வாசல்தட்டு அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து வைத்தது.